சனிக்கிழமை மட்டும் ஸ்டார்ட் ஆகாத ஜீப்

"எங்கடா வச்சிருந்தே நேத்து பேட்டரியை?"

கேட்டது ஜமால், என் வீட்டுக்காரரோட தம்பி. கேட்ட இடம் எங்க வீட்டு வாசல். சனிக்கிழமை காலையில, எதிர்த்த டீக்கடையில பத்துப் பதினஞ்சு பேர் கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிற நேரம். கேள்வி எங்க ஜீப் டிரைவர் சோமு அண்ணனைப் பார்த்து.

இன்னிக்கு நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. முதல்ல அந்த "டா". முந்தின நாள் வரைக்கும் "அண்ணே, அண்ணே"ன்னு அவர் பின்னாடியே சுத்தினவன், அவர்கிட்டதான் ஸ்டியரிங் பிடிக்கவே கத்துக்கிட்டவன். சோமு அண்ணன் அவனைவிடப் பத்து வயசு மூத்தவர்.

ஜீப் அன்னிக்கும் ஸ்டார்ட் ஆகலை. சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னாடி உரமூட்டை ரெண்டு, ஆஸ்பத்திரிக்குப் போற அம்மா ஒருத்தர், அவங்க மடியில தூக்குவாளி. எல்லாரும் இறங்கித் தள்ளுறதுக்குத் தயாரா இருந்தாங்க. எங்க ஜீப்புல ஏறுறவங்களுக்குச் சனிக்கிழமைன்னா தள்ளணும்னு பழகிப்போச்சு.

"வெள்ளிக்கிழமை உங்க ஊர்க் கோயில்ல திருவிழா. மைக் செட்டும் டியூப் லைட்டும் எதுல எரிஞ்சுது? எங்க பேட்டரியிலதானே? வாடகைக்கு விட்டுட்டு விடியறதுக்குள்ள கொண்டாந்து மாட்டிட்டே. நாங்க என்ன கேனையனுங்களா?"

நான் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன், அதையும் சொல்லிடறேன்.

சோமு அண்ணன், "தம்பி, யோசிச்சுப் பேசுங்க"ன்னு மட்டும் சொன்னார். சாவியைப் பானட் மேல வச்சார். கை துடைக்கிற பனியன் துணியை மடிச்சு சீட்டுக்கு அடியில சொருகினார். அந்த ஆஸ்பத்திரி அம்மாகிட்ட, "பஸ்ஸுல போயிடுங்கம்மா, லேட்டாக்கிடாதீங்க"ன்னு சொல்லிட்டு, நீடாமங்கலம் பஸ் நிக்கிற பக்கமா நடந்துட்டார்.

அன்னிக்குப் போனது அவரோட டிரைவர் வேலை மட்டும்னா பரவாயில்ல. குவைத்துல ஒரு வீட்டு டிரைவர் விசா அவருக்காகக் காத்துக்கிட்டிருந்துச்சு. ஏற்பாடு பண்ணினது எங்க வீட்டுக்காரர். கை சுத்தமில்லாத ஆள்னு ஒரு பேச்சு அங்க போய்ச் சேர்ந்துச்சுன்னா அந்த விசா அதோட சரி.

யமீன், யசார், சீதா

அந்த ஜீப் எங்க வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லணும். ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸ்ல ஓடி ஓஞ்சு, இனி உதவாதுன்னு ஏலத்துல விட்ட வண்டி. என் வீட்டுக்காரர் குவைத்துல ஒரு மளிகைக் கடையில வேலை பார்த்தார். முதல் லீவுல வந்தப்போ அதை எடுத்தார். "நான் சபர்ல இருக்கேன், நீ வீட்டுல சும்மா இருக்கே, உன் பேர்லயே ஓடட்டும்"னார். கூத்தாநல்லூர்ல பாதி வீட்டு ஆம்பளைங்க சபர் போனவங்கதான். வெளிநாட்டுப் பயணத்தை நாங்க அப்படித்தான் சொல்லுவோம். சும்மா இருக்கேன்னு அவர் சொன்னதுக்கு அன்னிக்கே ஒரு சண்டை போட்டேன், அது வேற கதை.

ஆனா வண்டி நல்ல வண்டிங்க. ஐப்பசி அடைமழையில வாய்க்கால் கரை ரோட்டுல பஸ் வராது, கார் வராது, மாட்டு வண்டியே மாட்டிக்கிட்டு நிக்கும். நம்ம ஜீப் ஃபோர் வீல் கியரைப் போட்டா சேத்தைக் கடைஞ்சுக்கிட்டுப் போயிடும். உரம் ஏத்தினோம், விதை நெல் ஏத்தினோம், பிரசவத்துக்குப் போறவங்களை ஏத்தினோம். தர்காவுல கந்தூரி விழா சமயத்துல நாகூருக்கு நடை மேல நடை. வெள்ளிக்கிழமை மட்டும் வண்டிக்கு லீவு. வியாழக்கிழமை சாயங்காலம் கொல்லை ஷெட்டுல விட்டா சனிக்கிழமை காலையிலதான் எடுக்கிறது.

சோமு அண்ணன் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரர். குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் நிலம், காவேரித் தண்ணி வந்தா விளையும், வராட்டி இல்ல. அதனால டிரைவர் ஆனவர். லீவுல வந்த எங்க வீட்டுக்காரருக்கு அவர் ஓட்டுற விதம் பிடிச்சுப்போச்சு. "அர்பாப் வீட்டுக்கு ஒரு நல்ல டிரைவர் வேணும்னு கேக்குறார், நீங்க வர்றீங்களா?"ன்னார். அர்பாப்னா முதலாளி.

அதுலேர்ந்து சோமு அண்ணன் ஜீப் ஓட்டும்போதே அரபி படிக்க ஆரம்பிச்சார். யமீன்னா வலது, யசார்னா இடது, சீதான்னா நேரா. கோரையாத்துப் பாலத்துல திரும்பும்போது சத்தமா "யமீன்!"னு சொல்லிட்டுத்தான் திருப்புவார். பின்னாடி உட்கார்ந்திருக்கிற நடவுப் பொம்பளைங்க சிரிச்சுச் சிரிச்சு அவங்களும் கத்துக்கிட்டாங்க. "அண்ணே, யசார்ல எருமை வருது!"ன்னு ஒரு அம்மா ஒருநாள் கத்தினாங்க பாருங்க, அவர் பிரேக்கையே மறந்துட்டுச் சிரிச்சார்.

பாஸ்போர்ட் எடுத்து வச்சிருந்தார். போட்டோவுக்காகப் புதுச் சட்டை தச்சுக்கிட்டார். அந்தச் சட்டையை அப்புறம் போடவே இல்ல, விமானத்துக்குன்னு மடிச்சு வச்சிருந்தார்.

ஃபாரின் சாமானுக்கு வந்த மரியாதை

அடுத்த லீவுக்கு எங்க வீட்டுக்காரர் வந்தப்போ போர்வை, தைலம், டார்ச் லைட்டு, நகவெட்டி எல்லாம் வழக்கம்போல வந்துச்சு. கூடவே ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உள்ள கார் ஸ்டீரியோ. கேசட் போடுற செட்டு ஒண்ணு, சத்தத்தைப் பெருசாக்குற ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒண்ணு, ரெண்டு ஸ்பீக்கர்.

ஏலத்துல எடுத்த சர்க்கார் ஜீப்புக்கு இது எதுக்குங்க? நான் கேட்டேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, அங்க எல்லா வண்டியிலயும் இருக்கு"ன்னார்.

அதை மாட்ட ஆள் வேணாம்னுட்டார். கடைக்குப் பக்கத்துல யாரோ மாட்டினதை நின்னு பார்த்தாராம், அந்தப் படிப்பு போதுமாம். ஒருநாள் பூரா சீட்டுக்கு அடியில படுத்துக் கிடந்து மாட்டினார். ஆம்ப்ளிஃபயரை முன் சீட்டுக்கு அடியில வச்சு, தடியா ஒரு சிவப்பு வயரை நேரா பேட்டரிக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். பாட்டு போட்டதும் தெருவே கூடிடுச்சு. ஸ்பீக்கர் அதிர்ற அதிர்ச்சியில ஜீப்போட தகரக் கதவும் கூடவே பாடுச்சு.

குவைத்துக்குக் கிளம்பும்போது எல்லாரையும் நிக்க வச்சு ஒரு உத்தரவு. "செட்டுல யாரும் கை வைக்கக் கூடாது. கெட்டுப்போனா இங்க ரிப்பேருக்கு ஆள் கிடையாது." சோமு அண்ணன் ஆம்ப்ளிஃபயர் மேல ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வச்சார், தூசி படக்கூடாதுன்னு. ஜமால் அதுக்குக் காவல்காரன் மாதிரி ஆயிட்டான்.

அவர் விமானம் ஏறி ரெண்டாவது சனிக்கிழமை ஜீப் ஸ்டார்ட் ஆகலை.

இதை இப்படி வரிசையா எழுதினா உங்களுக்கு உடனே புரியுது. இங்கிருந்த எங்க ஒருத்தருக்கும் புரியலையே! வெளிநாட்டுலேர்ந்து வந்த பொருள்ல தப்பு இருக்கும்னு நினைக்கிற மூளையே எங்களுக்கு அப்போ கிடையாது. நம்மகிட்ட இருக்கிறது எல்லாம் ஓட்டை, அங்கேர்ந்து வர்றது எல்லாம் உசத்தி. தெருவுக்குத் தெரு மொட்டை மாடியில டிஷ் வந்துக்கிட்டிருந்த காலம் அது. ஜமால் வேற கலர் படம் போட்ட புது வேன் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு, "இந்தக் கிழட்டு ஜீப்பைத் தள்ளிவிடுங்க மச்சி, லோன் போட்டு வேன் எடுக்கலாம்"னு தினமும் ஓதிக்கிட்டிருப்பான். அண்ணன் பெண்டாட்டியை எங்க பக்கம் மச்சின்னுதான் கூப்பிடுவாங்க.

குத்தவாளிகள் வரிசையில் டைனமோ

எலெக்ட்ரீஷியன் மணின்னு ஒருத்தர், மெயின் ரோட்டுல பேட்டரி சார்ஜ் போடுற கடை. பேட்டரியைக் கழட்டிக்கிட்டுப் போவார், சார்ஜ் போட்டுக் கொண்டாந்து மாட்டுவார், ஒரு வாரம் ஓடும். சனிக்கிழமை மறுபடியும் 'டக்'.

"பேட்டரிக்கு வயசாச்சுங்க"ன்னார். புதுசு வாங்கினோம். சனிக்கிழமை 'டக்'.

"அப்போ டைனமோதான்"னார். வண்டி ஓடும்போது கரண்ட் உண்டாக்கிப் பேட்டரியில சேர்க்கிறது டைனமோ. அதைக் கழட்டி, உள்ள புதுசாக் கம்பி சுத்தி மாட்டினாங்க. சனிக்கிழமை 'டக்'.

"கட்-அவுட் ஒட்டிக்கிதோ என்னவோ." அது ஒரு சின்னப் பெட்டி. எஞ்சின் நின்னதும் டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்கிற இணைப்பை அதுதான் துண்டிக்கும். துண்டிக்காட்டி பேட்டரியில சேர்ந்ததெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயிடும். சரி, அதையும் மாத்தினோம். பழைய வயரெல்லாம் எலி கடிச்சு வெடிச்சுக் கிடக்குதுன்னு அதையும் உருவிப் புதுசு இழுத்தோம். ஒவ்வொண்ணும் கேட்க நியாயமாத்தான் இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் குவைத்துக்குச் சேதி சொல்லி அவர்கிட்ட பணம் கேட்கணும். "மறுபடியுமா? நீ என்ன பண்றே அங்க?"ன்னு பதில் வரும். எனக்கு வெட்கமாப் போச்சு.

ஜீப்புல மாத்த வேண்டியதெல்லாம் மாத்தி முடிச்சாச்சு. மாத்தாதது சோமு அண்ணன் ஒருத்தர்தான். அப்படித்தான் ஜமால் அவர் பக்கம் திரும்பினான். அவர் ஊர்த் திருவிழா அந்த வாரம் வந்தது அவனுக்கு வசதியாப் போச்சு.

சோமு அண்ணன் போன மறுநாள் எங்க தெருவுலேர்ந்து ஒருத்தர் குவைத்துக்குப் புறப்பட்டார். அந்தக் காலத்துல பாதிச் சேதி கடிதத்துல, பாதிச் சேதி கேசட்டுல. இங்க பேசிப் பதிவு பண்ணி ஆள் கையில கொடுத்துவிடுவோம், அங்க போட்டுக் கேட்பாங்க. அவர் கையில எங்க வீட்டுக் கேசட் ஒண்ணு போச்சு. சோமு அண்ணன் விஷயமும் அதுல போச்சு. அந்தக் கேசட்டைப் பத்திக் கடைசியில சொல்றேன், மறந்துட மாட்டேன்.

சாவி என் இடுப்பில்

அடுத்த வாரம் முழுக்க ஜமால்தான் ஓட்டினான். வியாழக்கிழமை சாயங்காலம் அவனே ஷெட்டுல விட்டான். நான் பூட்டு போட்டுச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன்.

சனிக்கிழமை 'டக்'.

"இப்ப என்ன சொல்றே?"ன்னேன்.

"அவன்கிட்ட டூப்ளிகேட் சாவி இருக்கும் மச்சி."

அடப்பாவி! பூட்டே நான் முந்தா நாள் வாங்கின புதுப் பூட்டு. ஒருத்தனைத் திருடன்னு முடிவு கட்டிட்டா அப்புறம் அவனுக்கு எத்தனை சாவி வேணும்னாலும் செஞ்சு கொடுத்துடுவாங்க போல. அன்னிக்குத்தான் எனக்கு உள்ளே சுருக்குனு தச்சுது. திருடன் நிலத்துக்குப் போய் ஒரு வாரம் ஆச்சு, திருட்டு மட்டும் நிக்கலை.

நானே மணி கடைக்குப் போனேன். அவர் ஸ்டூலைத் தட்டிப் போட்டார், நான் உட்காரலை.

"ஏங்க, வண்டி நிக்கிற நேரத்துல பேட்டரியை ஏதோ ஒண்ணு குடிக்குது. எது குடிக்குதுன்னு பார்க்க வழியே இல்லையா?"

"இருக்குங்களே. சுவிட்ச் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, பேட்டரி வயரைக் கழட்டி நடுவுல ஒரு பல்பை மாட்டணும். பல்பு எரிஞ்சா என்னமோ குடிக்குதுன்னு அர்த்தம். ஒவ்வொரு வயரா எடுத்துக்கிட்டே வந்தா, எதை எடுக்கும்போது பல்பு அணையுதோ அதுதான் ஆளு."

"இவ்வளவு சுலபமா? இத்தனை மாசமா இதை ஏன் செய்யலை?"

"பேட்டரியைச் சார்ஜ் போடச் சொன்னீங்க, போட்டேன். டைனமோவைப் பாருன்னீங்க, பார்த்தேன். எது குடிக்குதுன்னு பாருன்னு யாரும் கேக்கலையேங்க."

கேக்கலையாம்! ஒரு மனுஷன் பேர் கெட்டு, வேலை போயி, விசா அந்தரத்துல தொங்குது, இவர்கிட்ட கேக்கலையாம். வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் அவர்கிட்டயே ஒரு இண்டிகேட்டர் பல்பும் ரெண்டு துண்டு வயரும் வாங்கிக்கிட்டு வந்தேன்.

ஜும்ஆ நேரத்தில் ஒரு பல்பு

வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு ஆம்பளைங்க எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிட்டாங்க. அந்த ஒரு மணி நேரம் எங்க தெருவுல பூனை நடக்கிற சத்தம்தான் கேட்கும். வெளியில போகும்போது போர்த்திக்கிற துப்பட்டியைக் கொடியில போட்டுட்டு, புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஷெட்டுக்குப் போனேன்.

பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தேன். உள்ள டீசல் வாடை, காய்ஞ்ச சேத்து வாடை. பேட்டரி வயரோட போல்ட்டைத் திருகும்போது ஸ்பேனர் பாடி தகரத்துல பட்டு ஒரு பொறி பறந்துச்சு பாருங்க, "யா அல்லாஹ்!"னு ஸ்பேனரைத் தூக்கி எறிஞ்சுட்டேன். அது வைக்கோல்ல போய் விழுந்துச்சு. தேடி எடுத்துக்கிட்டு வந்து மறுபடியும் திருகினேன். சும்மா விட்டுட்டுப் போற ஆள் இல்ல நான்.

பல்பை நடுவுல மாட்டினேன். எரிஞ்சுது.

மங்கலாத்தான் எரிஞ்சுது, ஆனா எரிஞ்சுது. சாவி என் கையில இருக்கு, எல்லா சுவிட்சும் ஆஃப், பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல.

டைனமோ வயரை எடுத்தேன். எரியுது. ஹாரன் வயரை எடுத்தேன். எரியுது. லைட்டு, வைப்பர், சாவி சுவிட்சுக்குப் போற வயர், ஒண்ணொண்ணா எடுத்துக் கீழே தொங்கவிட்டேன். எரிஞ்சுக்கிட்டே இருக்கு. டைனமோவைப் பார்த்து, "உன்னை அநியாயமாக் கழட்டினோம்"னு வாய்விட்டே சொன்னேன்.

மிச்சம் இருந்தது அந்தத் தடிச் சிவப்பு வயர் ஒண்ணுதான். ஃபாரின் டேப்பால அழகாச் சுத்தியிருந்துச்சு. என் வீட்டுக்காரர் கைவேலை. ரெண்டு தடவை கையைக் கொண்டுபோயிட்டு எடுத்துட்டேன். கை வைக்காதேன்னு சொல்லியிருக்காரே! அந்த நேரத்துலயும் எனக்கு அந்தப் பயம் வந்துச்சுன்னா, எங்களை எப்படி வளர்த்திருக்காங்கன்னு பார்த்துக்குங்க.

அப்புறம் டீக்கடை முன்னாடி சாவியைப் பானட்ல வச்ச கை ஞாபகம் வந்துச்சு. வயரைப் பிடுங்கினேன்.

பல்பு அணைஞ்சுது. மறுபடி வச்சேன், எரிஞ்சுது. பிடுங்கினேன், அணைஞ்சுது. பைத்தியக்காரி மாதிரி பத்து தடவை செஞ்சிருப்பேன். குனிஞ்சு சீட்டுக்கு அடியில பிளாஸ்டிக் உறைக்குள்ள கையை விட்டு அந்தப் பெட்டியைத் தொட்டேன். ஒரு வாரமா யாரும் பாட்டே போடலை. பெட்டி வெதுவெதுன்னு இருந்துச்சு.

அங்கேயே வைக்கோல் மேல உட்கார்ந்து அழுதேன். கோவத்துல வர்ற அழுகை.

நாலு பேர் முன்னாடி

மணி வந்து பார்த்துட்டுச் சொன்னார். "இந்தச் சின்ன நீல வயர் டேப் செட்டுலேர்ந்து வரணுங்க. டேப்பை நிறுத்தினா இதுவும் நிக்கும். இதையும் அந்தச் சிவப்பு வயரோட சேர்த்து நேரா பேட்டரியிலயே முறுக்கிட்டாங்க. அதனால பெட்டி ராத்திரி பகலா முழிச்சுக்கிட்டே இருக்கு. தினம் ஓடினா டைனமோ ஈடு கட்டிடும். வெள்ளிக்கிழமை நிக்குதே, அன்னிக்குப் பூரா குடிச்சுடும்."

"ஃபாரின் செட்டு அப்படியெல்லாம் கெட்டுப்போகாது மச்சி"ன்னான் ஜமால்.

"செட்டு கெட்டுப்போகலை தம்பி. மாட்டினது தப்பு"ன்னார் மணி. "நான் அந்த வயரைத் தொடப்போனப்போ நீங்கதானே கையைத் தட்டிவிட்டீங்க?"

ஜமால் மூஞ்சி செத்துப்போச்சு. நான் விடலை. "வா, எதிர்த்த கடைக்கு. அங்க நிக்கிறவங்க முன்னாடிதானே திருடன்னு சொன்னே, அவங்க முன்னாடியே இல்லைன்னு சொல்லு."

"தப்புதான், ஒத்துக்கிறேன். அதான் வீட்டுக்குள்ள சொல்லிட்டேனே? நாலு பேர் முன்னாடி எதுக்கு மச்சி?"

"சொன்ன இடத்துலதான் திருப்பிச் சொல்லணும். வீட்டுக்குள்ள சொன்னா அது மன்னிப்பு இல்ல."

அவன் போகலை. இன்னிக்கு வரைக்கும் போகலை. இதை அவனும் படிப்பான், படிக்கட்டும்.

நான் துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கிட்டு ரோட்டைக் கடந்தேன். எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் அந்த டீக்கடை முன்னாடி நின்னதே கிடையாது. "எல்லாரும் கேட்டுக்குங்க. சோமு அண்ணன் பேட்டரியை எடுக்கலை. எங்க வீட்டுப் பாட்டுப் பெட்டிதான் எடுத்துச்சு. தப்பு எங்க மேல"ன்னேன். மாஸ்டர் டீ ஆத்துறதை நிறுத்திட்டார். சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன். மறுநாள் சோமு அண்ணன் வீட்டுக்கே போய்ச் சாவியைக் கையில கொடுத்தேன். அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "ஊரே திருடன்னுச்சு. நீங்க ஒருத்தங்கதாம்மா என்னை நம்பினீங்க"ன்னார்.

அன்னிக்கே குவைத்துக்கு இன்னொரு கேசட் அனுப்பினேன். நடந்ததெல்லாம் சொன்னேன், பல்பு, நீல வயர், எல்லாம். பதில் கேசட் வந்துச்சு. ரெண்டு பக்கமும் பேச்சு. வாசல் கேட்டுக்கு என்ன கலர் அடிக்கணும், யார் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வைக்கணும், முறுக்குல எள்ளு அதிகம், இப்படியே போகுது. கடைசியில, "சோமு விசா முடிஞ்ச கதை. வேற ஆள் வந்து இறங்கிட்டான். மணியை ஏன் செட்டுல கை வைக்க விட்டே?" அவ்வளவுதான். மாட்டினது தப்புன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம்.

அந்தக் கேசட்

சோமு அண்ணன் அப்புறம் எத்தனையோ வருஷம் எங்க ஜீப்பை ஓட்டினார். யமீன், யசார் சொல்றதை மட்டும் விட்டுட்டார். அவர் மக கல்யாணத்துல என்னை முன் வரிசையில உட்கார வச்சு, வர்றவங்ககிட்டயெல்லாம், "ஜமால் தம்பி அண்ணனுக்குச் சொல்லி என் விசாவைக் கெடுத்துப்புட்டார். இந்த அம்மாதான் எனக்காக ரோட்டுல இறங்கிப் பேசினாங்க"ன்னு சொன்னார். நான் பாயசத்தைத் தொடாமலே எழுந்துட்டேன்.

போன வாரம் அவர்கிட்டேர்ந்து ஒரு கடிதம் வந்துச்சு. கண் சரியாத் தெரியலையாம். அவர் ஊர் டீக்கடையில இந்தப் பத்திரிகை வந்ததும், கடைக்காரர் என் தொடரைச் சத்தமாப் படிப்பாராம், எல்லாரும் உட்கார்ந்து கேட்பாங்களாம். "நம்ம ஜீப்பைப் பத்தி எழுதுங்கம்மா. நீங்க ஒருத்தங்க மட்டும் என்னை நம்பினதை எழுதுங்க. இங்க எல்லாரும் கேக்கட்டும்"னு எழுதியிருந்தார்.

எழுதுறேன் அண்ணே.

நீங்க சாவியை வச்சுட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலம், நான் கதவைச் சாத்திக்கிட்டு டேப் ரெக்கார்டர் முன்னாடி உட்கார்ந்தேன். ஜமால் பக்கத்துல இல்ல. அவன் சொல்லச் சொல்லவும் இல்ல. பேட்டரிக்கு, டைனமோவுக்குன்னு கேட்டுக் கேட்டு எனக்கு அவமானமா இருந்துச்சு, யார் மேலயாவது போட்டுட்டா நான் தப்பிச்சுக்கலாம்னு இருந்துச்சு. சிவப்பு பட்டனை அழுத்தி, என் குரல்ல, "சோமுவுக்குக் கை சுத்தமில்லைங்க. அந்த விசாவுக்கு வேற ஆளைப் பாருங்க"ன்னு சொன்னேன். அண்ணன்னு கூடச் சொல்லலை. அடுத்த லீவுல அந்தக் கேசட் பெட்டியோட திரும்பி வந்துச்சு. அது மேலேயே பிள்ளைங்க பேச்சைப் பதிவு பண்ணி அழிச்சுட்டேன். ஜமாலை நீங்க திட்டும்போதெல்லாம் நான் பேசாம கேட்டுக்கிட்டு இருந்தேன்.

சொன்ன இடத்துலதான் திருப்பிச் சொல்லணும்னு அவனை அந்தக் கிழி கிழிச்சவ நான். நீங்க என்னைப் பத்திப் பெருமையாச் சொல்ற இடம் உங்க ஊர் டீக்கடை.

கடைக்காரரே, இந்த வரியை மட்டும் கொஞ்சம் சத்தமாப் படிங்க: சோமு அண்ணன் விசாவைக் கெடுத்தது ஜமால் இல்ல, நான்தான்.